தாரகித்தல்

அகராதி அலுவலகத்தில் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடும் வழக்கம் கிடையாது. யார் மேசையில் எந்த எழுத்து இருக்கிறதோ அதுதான் அவருக்குப் பெயர். மகரத்துக்கு முப்பது வயது, வாய்த்துடுக்கு அதிகம். பகரம் பாதி வருஷம் மருத்துவ விடுப்பில் இருப்பவர். ப வரிசை ஆறு வருஷமாகப் 'பல்'லைத் தாண்டாமல் நிற்பதற்கு அவர்தான் காரணம். த வரிசையைப் பார்க்கிறவளுக்குத் தகரம் என்று பெயர் விழுந்ததில் ஆச்சரியம் இல்லை. "தட்டிடாதீங்க, சத்தம் வரும்" என்று மகரம் கிண்டல் செய்வாள். சத்தமே வராது. பதினெட்டு வருஷமாக ஜன்னலோரத்தில் உட்கார்ந்து, தலை நிமிராமல் விளக்கம் எழுதிவிட்டு, ஐந்து மணிக்குப் பையை எடுத்துக்கொண்டு கிளம்புகிறவள். ஐம்பத்து நான்கு வயது. அலுவலகத்துக்கு அவளைப் பற்றித் தெரிந்தது அவ்வளவுதான்.

அங்கே வேலை நடக்கும் முறை எளிது. ஒரு சொல் புத்தகத்திலோ பத்திரிகையிலோ கடிதத்திலோ கண்ணில் பட்டால், அது வந்த வாக்கியத்தை அப்படியே ஒரு சீட்டில் எழுதி, தேதியும் இடமும் போட்டு, அந்தச் சொல்லுக்கான மரப்பெட்டியில் வைப்பார்கள். பெட்டியில் சீட்டு சேர்ந்தால் சொல் அகராதிக்குள் வரும். சேராவிட்டால் வாசலோடு சரி. எல்லாச் சீட்டையும் படமெடுத்துக் கணினியில் ஏற்றும் வேலையும் ஒரு பக்கம் நடக்கிறது, ஆனால் அது இன்னும் த வரிசைக்கு வரவில்லை. அதனால் த வரிசையில் பெட்டியில் இருப்பதுதான் கணக்கு. பெட்டி மாறி விழுந்த சீட்டு கிடைக்காது. அதைத் தேடிக் கண்டுபிடித்தவர் யாரும் இல்லை. வேறு எதையோ தேடும்போது தானாகக் கையில் வந்தால்தான் உண்டு.

அந்த வருஷம் த வரிசை நகர்ந்து நகர்ந்து தாரகரிடம் வந்து நின்றது.

தாரகர் என்பது வீட்டில் வைத்த பெயர் அல்ல, அவராகவே சூட்டிக்கொண்டது. பெரிய வாத்தியக் குழுக்களுக்குச் செவ்விசை இயற்றியவர். நாற்பதுக்கு மேல் படைப்புகள். எல்லாவற்றிலும் ஒரு பழக்கம் உண்டு: கடைசி ஸ்வரத்துக்கு முன்னால் எல்லா வாத்தியங்களும் ஓய்ந்துவிடும். கைதட்டுவதா, மூச்சைப் பிடித்துக்கொண்டு இருப்பதா என்று மண்டபத்தில் யாருக்கும் தெரியாது. அந்த மௌனத்துக்கு விமர்சகர்கள் 'தாரகீயம்' என்று பெயர் வைத்தார்கள். பிறகு அந்தச் சொல் மண்டபத்தைவிட்டு வெளியே வந்தது. நீதிபதி தீர்ப்பைப் படிக்கும் முன் தண்ணீர் குடித்தால் 'தாரகீயமான இடைவெளி' என்று பத்திரிகை எழுதியது. அவருடைய மாணவர்களும் அவர் பைத்தியங்களும் 'தாரகியர்' ஆனார்கள். இவை இரண்டும் மரியாதையான சொற்கள். சட்டை கசங்காமல் அகராதிக்குள் வந்து உட்காரக்கூடியவை.

மூன்றாவது ஒன்று இருந்தது. அவருடைய மிகப் பெரிய படைப்பு முதன்முதலாக அரங்கேறிய அன்று, இடைவேளையில், தாரகர் மண்டபத்தின் பின்கதவு வழியாக வெளியே போனார். கோட்டுகூட நாற்காலியிலேயே தொங்கியது. மீதிப் பாதியை முதல் வயலின்காரர் நடத்தி முடித்தார். நான்கு மாதம் கழித்து வேறொரு ஊரில் இருக்கிறார் என்று தெரிந்தது. அங்கேயே முப்பத்தைந்து வருஷம் இருந்தார், இசை எழுதினார், புகழ் சேர்த்தார், பதினோரு வருஷத்துக்கு முன்னால் இறந்தும் போனார். இந்த ஊருக்கு ஒரு கடிதம்கூட வரவில்லை. ஆனால் அவர் போன அதே வாரத்தில் ஊர் ஒரு வினைச்சொல்லைப் பிடித்துக்கொண்டது. சொல்லாமல் கொள்ளாமல் பாதியில் கம்பி நீட்டுவதற்குத் 'தாரகித்தல்' என்று பெயர். மாப்பிள்ளை தாரகிச்சுட்டான். குடியிருந்தவன் சாவியைக்கூடக் கொடுக்காமல் தாரகிச்சுட்டான். பல் வைத்தியர் ஊசியை எடுக்கத் திரும்பினார், நோயாளி தாரகிச்சாச்சு. மழை நேரத்தில் மின்சாரம்கூடத் தாரகிக்கும்.

இந்த வினைச்சொல்லுக்கு மட்டும் நாற்பத்து மூன்று சீட்டுகள் இருந்தன. ஒரு சொல் உள்ளே வர மூன்று போதும்.

தாரகர் அவளுடைய அப்பா.

அலுவலகத்தில் இது யாருக்கும் தெரியாது. சான்றிதழ்களில் அவர் வீட்டுப் பெயர் இருந்தது. அந்தப் பெயரை ஊர் எப்போதோ மறந்துவிட்டது. சொந்தக்காரர் சம்பந்தப்பட்ட சொல் மேசைக்கு வந்தால் உடனே தெரிவித்து வேறு ஒருவரிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது அங்கே கண்டிப்பான விதி. சித்தப்பா கண்டுபிடித்த சொல்லையெல்லாம் உள்ளே தள்ளுகிறவர்களுக்காகப் போட்ட விதி அது. அவள் வாயைத் திறக்கவில்லை. உண்மையைச் சொல்வதானால், பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் வேலையில் சேர்ந்தபோது த வரிசையைக் கேட்டு வாங்கியதே இந்த ஒரு நாளுக்காகத்தான்.

அவளுக்கு அந்தச் சொல் பள்ளிக்கூடத்தில் அறிமுகமானது. எட்டு வயதில். கழிப்பறைக்குப் போக எழுந்தால் பின்வரிசை முழுக்க "தாரகிக்கிறா, தாரகிக்கிறா" என்று ராகம் போடும். ஆசிரியையும் உதட்டைக் கடித்துக்கொண்டு கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொள்வாள். அப்போது அவளால் ஒன்றும் செய்ய முடியவில்லை. இப்போது முடியும். அம்மாவுக்கு எழுபத்தெட்டு ஆகிறது. தன்னை விட்டுவிட்டுப் போனவனின் ஓட்டத்தை, தடித்த அட்டை போட்ட புத்தகத்தில், பொருளும் எடுத்துக்காட்டுமாக அவள் பார்க்க வேண்டாம். அந்த ஒரு நினைப்புதான் மகளுக்கு இருந்தது.

மூன்று நாளில் காரியத்தை முடித்தாள். சீட்டறைக்குப் போகும்போதெல்லாம் பையில் நாலைந்து சீட்டு. 'வடிகால்' பெட்டியில் ஒன்று, 'மெழுகு' பெட்டியில் ஒன்று, 'பட்டறை' பெட்டியில் ஒன்று. எங்கே எதை வைத்தாள் என்று தானே குறித்துக்கொள்ளவில்லை. குறித்தால் மனம் மாறிவிடும் என்ற பயம். பிறகு பதிவுத்தாளில் நல்ல கையெழுத்தில் எழுதினாள்: 'வினை வடிவம் – போதிய சான்று இல்லை.' தலைமைப் பதிப்பாசிரியர் கையெழுத்துப் போட்டார். அவரை எல்லோரும் முற்றுப்புள்ளி என்றுதான் சொல்வார்கள். மூன்று சொல்லுக்கு மேல் ஒரு வாக்கியம் பேசிப் பார்த்தவர்கள் குறைவு.

எல்லாம் முடிந்தது என்று அவள் நினைத்த மறுநாள் கத்தரி மேலே வந்தார். கத்தரி என்பது கீழ்த்தளத்தில் பழைய பத்திரிகைகளை அலசித் துணுக்குகள் வெட்டிக் கொடுக்கிறவர். தாரகீயம் முதன்முதலில் எப்போது அச்சில் வந்தது என்று ஆறு மாதத்துக்கு முன்னால் அவள்தான் அவரிடம் கேட்டு வைத்திருந்தாள்.

"தகரம்மா, நீங்க கேட்டது கெடைக்கல. ஆனா அதைவிடப் பெருசு ஒண்ணு கெடைச்சிருக்கு" என்று ஒரு துணுக்கின் நகலை மேசைமேல் வைத்தார். முகமெல்லாம் பல். "அந்த வினைச்சொல்லு ஊர்ல எப்படிக் கெளம்புச்சுன்னு யாருக்கும் தெரியாதில்ல? இதோ. அந்த ஆளு ஓடிப்போன மூணாம் நாளு. இதுக்கு முன்னாடி எங்கயுமே கெடையாது. சத்தியமா சொல்றேன், நான் ஒரு தாள் விடல."

மாலைப் பத்திரிகை. எட்டு வரிச் செய்தி.

'…வீட்டு வாசலில் நிருபர்கள் சந்தித்தபோது அவருடைய மனைவி சிரித்தபடி, "என்ன ஆச்சுன்னா கேக்கறீங்க? தாரகிச்சுட்டாரு, அவ்வளவுதான். போய் உங்க வேலையைப் பாருங்க" என்றார்.'

அவள் இரண்டு தடவை படித்தாள். கத்தரி பாராட்டுக்காகக் காத்துக்கொண்டு நின்றார். "நல்லாத் தேடியிருக்கீங்க" என்று எப்படியோ சொல்லி அவரை அனுப்பிவைத்தாள்.

அந்தச் சிரிப்பு அவளுக்குத் தெரியும். அன்று அவள் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். வெளியே ஆட்கள் பேசும் சத்தம், பிறகு அம்மாவின் சிரிப்பு. வார்த்தை ஒன்றும் காதில் விழவில்லை, சிரிப்பு மட்டும் விழுந்தது. அப்பா போய் இரண்டு நாள்கூட முழுசாக முடியவில்லை, அம்மா சிரித்தாள். அதற்கு அவள் அம்மாவை மன்னித்ததே கிடையாது. கூடவே இருந்தாள், மருந்து வாங்கிக் கொடுத்தாள், கண் ஆபரேஷனுக்கு அழைத்துப் போனாள். மன்னிக்க மட்டும் இல்லை. இப்போது பார்த்தால், பள்ளிக்கூடத்தில் தன்னை அடித்த பிரம்பும் வீட்டிலிருந்தே போயிருக்கிறது.

சாயங்காலம் நேராக அம்மா வீட்டுக்குப் போனாள். முதல் மாடியில் இரண்டு அறை. முன்னறையில் தையல் இயந்திரம், அதன்மேல் பாதி தைத்த வெள்ளைக் கோட்டு. ஆஸ்பத்திரிகளுக்குக் கோட்டுத் தைத்துத்தான் அம்மா அவளை ஆளாக்கினாள். கண் மங்கிய பிறகும் பொத்தான் வேலையை மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

"என்ன, இந்த நேரத்துல? முகம் ஏன் பேயறைஞ்ச மாதிரி இருக்கு?" என்றாள் அம்மா.

அவள் நகலை எடுத்து நீட்டினாள். அம்மா கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் போட்டுக்கொண்டு, தாளை ஜன்னல் பக்கம் பிடித்து, நிதானமாகப் படித்தாள்.

"அடடா. இதை யாரு வெச்சிருந்தாங்க?"

"நீதான் சொன்னியா?"

"நான்தான் சொன்னேன்."

"ஊரெல்லாம் சேர்ந்து கிண்டல் பண்ணுதுன்னு நான் இத்தனை வருஷமா ஊரைத் திட்டிட்டிருந்தேம்மா."

அம்மா தாளை மடித்து மடியில் வைத்துக்கொண்டாள். "அஞ்சாறு பேரு வந்திருந்தாங்க. ஒருத்தன், உங்களுக்குள்ள சண்டையான்னு கேட்டான். ஒருத்தன், வேற யாராவது பொம்பளையான்னு இழுத்தான். இன்னொருத்தன் ஒண்ணுமே கேக்கல, உள்ள எட்டி எட்டிப் பார்த்துட்டிருந்தான். எதையாவது வாயில கவ்விக்காம அவங்க வாசலைவிட்டு நகர மாட்டாங்கன்னு தெரிஞ்சுபோச்சு. அவர் பேரையே திருப்பிப் போட்டுக் கொடுத்தேன். கவ்விக்கிட்டுப் போயிட்டாங்க. அதுக்கப்புறம் ஊரு அந்தச் சொல்லைப் பத்தித்தான் பேசிச்சு. நான் என்ன செஞ்சேன், ஏது செஞ்சேன்னு ஒருத்தரும் கேக்கல."

"என்னைக் கேட்டாங்க. பள்ளிக்கூடத்துல."

"தெரியும்" என்றாள் அம்மா. "அது அங்கேயும் வரும்னு அன்னைக்கு எனக்குத் தோணல. தப்புதான். உன்கிட்ட அப்பவே சொல்லியிருக்கணும். எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

அவள் கேட்க வந்தது அது இல்லை. "ஏன் சிரிச்சே?" என்றாள்.

அம்மா எழுந்து அடுப்படிக்குப் போனாள். தேநீர்க் கோப்பைகளை எடுக்கும் சத்தம் தேவைக்கு அதிகமாகவே கேட்டது. அந்தக் கேள்விக்குப் பதில் வராது என்று அவளுக்குப் புரிந்தது. சின்ன வயதிலிருந்து பழகிய சத்தம்தான்.

தேநீரைக் கையில் கொடுத்துவிட்டு அம்மா கேட்டாள்: "அப்போ இது அந்தப் புத்தகத்துல வருதா?"

"வராது. எடுத்துட்டேன்."

"எடுத்துட்டேன்னா?"

"சான்று இல்லைன்னு எழுதிட்டேன். இனிமே எந்த அகராதியிலயும் அது வராது. உனக்காகத்தாம்மா."

அம்மாவுக்குக் கோபம் வந்து அவள் பார்த்ததில்லை. எரிச்சல் வரும், அலுப்பு வரும். கோபம் இதுதான் முதல் தடவை. அம்மாவின் குரல் உயரவில்லை, முகம் மட்டும் இறுகிப்போனது.

"யாரைக் கேட்டு எடுத்தே?"

"அம்மா…"

"அவர் நாப்பது பாட்டு எழுதினாரு. ஒவ்வொண்ணும் யாருக்குக் காணிக்கைன்னு மேல எழுதியிருக்கும். வயலின்காரருக்கு, மண்டபத்துக்காரருக்கு, யாரோ ஒரு டாக்டருக்கு. ராத்திரி பகலா பக்கத்து ரூம்ல கோட்டுத் தெச்சவ பேரு ஒண்ணுலயும் இல்ல. போகட்டும். நான் என் வாயால செஞ்சது இந்த ஒண்ணே ஒண்ணுதான். இந்த ஊரு அதை வெச்சு நாப்பத்தாறு வருஷமா பொழங்குது. பஸ்ல யாராவது சொன்னா, ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டு, இது என்னுதுன்னு நெனைச்சுக்குவேன். அதையும் நீ அழிச்சுட்டு வந்து எனக்காகங்கறே."

தேநீர் கையிலேயே ஆறியது.

மறுநாள் காலை அலுவலகம் திறக்கும்போதே வந்து சீட்டறைக்குள் நுழைந்தாள். பட்டறை, வடிகால், மெழுகு. ஞாபகம் இருந்த பெட்டிகள் கொஞ்சம்தான். புத்திசாலித்தனமாக ஒளித்துவைத்த கை அவளுடையதே. இப்போது அந்தப் புத்திசாலித்தனத்தை அவளே சபித்துக்கொண்டு பெட்டி பெட்டியாக இழுத்தாள். மூன்றாம் நாள் பத்தொன்பதாவது சீட்டை எடுத்தபோது பின்னால் மகரம் நின்றாள்.

"அக்கா, என் பொட்டியில உங்களுக்கு என்ன வேலை?" என்று சிரித்துக்கொண்டே கையிலிருந்த சீட்டை எட்டிப் பார்த்தாள். 'கல்யாணத்துக்கு முதல் நாள் மாப்பிள்ளை தாரகிச்சுட்டான்.' பெட்டியின் முகப்பைப் பார்த்தாள்: மெழுகு. சிரிப்பு மெதுவாக நின்றது. "அக்கா?"

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். கேட்டு முடித்ததும் மகரம், "வாங்க, அவர்கிட்டப் போயிடலாம். நானும் வர்றேன்" என்று அவள் கையைப் பிடித்தாள்.

முற்றுப்புள்ளி மேசைமேல் இருந்த பத்தொன்பது சீட்டுகளையும் பத்திரிகைத் துணுக்கையும் பார்த்தார்.

"மொத்தம் எத்தனை?"

"நாப்பத்து மூணு, சார்."

"அவர் உங்களுக்கு?"

"அப்பா."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தாள், திட்டியிருந்தால் தேவலை. "த இனி உங்களுது இல்ல" என்றார். "மகரம் பார்க்கட்டும். மீதிச் சீட்டைத் தேடுங்க. கெடைக்கிற வரைக்கும் அதுதான் உங்க வேலை." அவருடைய வாழ்நாளிலேயே அது நீளமான பேச்சாக இருந்திருக்கும். அன்றிலிருந்து அவளை எப்படிக் கூப்பிடுவது என்று அலுவலகத்தில் யாருக்கும் தெரியவில்லை. பார்த்தால் தலையை மட்டும் அசைத்தார்கள். பதினெட்டு வருஷத்து மேசையைக் காலி செய்ய அவளுக்குப் பத்து நிமிஷம் போதுமானதாக இருந்தது.

மகரம் வினைச்சொல்லுக்குப் பதிவு எழுதினாள். முதல் சான்றாகத் துணுக்கை வைத்து, பக்கத்தில் 'எள்ளல் வழக்கு' என்று குறிப்பும் போட்டாள். முற்றுப்புள்ளி அதில் பென்சிலால் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பினார். பேர் போடாத மனைவி, பேர் போடாத நிருபர்; சொல்லை நிருபரே கட்டிவிட்டிருக்கலாம். சிரித்தார் என்பதும் அவர் சேர்த்ததாக இருக்கலாம். இப்படிப்பட்ட சந்தேகத்துக்கு அங்கே ஒரு வழி உண்டு. சொன்னவர் உயிரோடு இருந்தால் நேரில் வந்து, சொந்தக்காரர் அல்லாத இரண்டு பதிப்பாசிரியர்கள் முன்னால், எங்கே யாரிடம் எந்தத் தொனியில் சொன்னார் என்று தெரிவித்துச் சீட்டில் கையெழுத்துப் போட வேண்டும். அதற்கு வாய்மொழிச் சீட்டு என்று பெயர். சொந்தக்காரர் அறையில் உட்காரலாம், வாய் திறக்கக் கூடாது. திறந்தால் சீட்டு செல்லாது.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு அம்மா வந்தாள். இரண்டு மாடி. ஒவ்வொரு வளைவிலும் நின்று, "எனக்கு ஒண்ணுமில்ல, நீ மூச்சு வாங்காம வா" என்று மகளைக் கேலி செய்தபடி ஏறினாள். கழுத்துப்பட்டி வைத்த சாம்பல் நிற மேலங்கி, தானே தைத்தது. பொத்தான்கள் எல்லாம் நேர்க்கோட்டில் இருந்தன.

நீள மேசையின் ஒரு பக்கம் முற்றுப்புள்ளியும் மகரமும். எதிரில் அம்மா. சுவரோரம் தனி நாற்காலியில் மகள். மகரம் மரியாதையாக ஆரம்பித்தாள். பெயரும் வயதும் கேட்டு எழுதினாள். அடுத்த கட்டத்தை முன்கூட்டியே நிரப்பி வைத்திருந்தாள். அம்மா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்து படித்தாள்.

"தொழில்ங்கற எடத்துல 'இசையமைப்பாளரின் மனைவி'ன்னு போட்டிருக்கே. இது ஒரு தொழிலாம்மா?"

மகரத்துக்குக் காது சிவந்துபோனது. "மன்னிச்சுக்குங்க. என்னன்னு போடட்டும்?"

"தையல்னு போடு. அம்பது வருஷம்."

மகரம் அடித்து எழுதினாள். சொன்ன இடம், வீட்டு வாசல். சொன்ன வாக்கியம், பத்திரிகையில் இருந்தபடியே. அம்மா ஒரு சொல் பிசகாமல் சொன்னாள். முற்றுப்புள்ளி தலையை ஆட்டினார்.

"சொல் உங்களுதுதான்" என்றார். பிறகு, "சிரிச்சீங்களா?"

"சிரிச்சேன்."

"கிண்டலா?" என்று மகரம் கேட்டாள். "அப்படின்னா எள்ளல்னு குறிப்புப் போடணும். அதுக்காகத்தான் கேக்கறோம்."

அம்மா மேசைமேல் இருந்த தண்ணீர் டம்ளரைக் கொஞ்சம் தள்ளி வைத்தாள். "கட்டினவர் போய் ரெண்டு நாளாச்சு. எங்க போனாரு, உசுரோட இருக்காரான்னுகூடத் தெரியாது. யாரைக் கிண்டல் பண்ற நெலமையில இருந்தேன் நான்?"

"அப்புறம் ஏன் சிரிச்சீங்க?"

மகளின் இரண்டு கையும் மடியில் கோத்துக்கொண்டன. அம்மா அவள் பக்கம் திரும்பவில்லை.

"இவ கதவுக்குப் பின்னாடி நின்னுட்டிருந்தா. எட்டு வயசு. ரெண்டு நாளா சாப்பிடல, அப்பா எப்ப வருவாருன்னு என் முகத்தையே பார்த்துட்டிருந்தா. கதவு நடுவுல இருந்ததால என் முகம் அவளுக்குத் தெரியாது, குரல் மட்டுந்தான் கேக்கும். அது உடைஞ்சா அவளுக்கு எல்லாம் புரிஞ்சிடும். அவ்வளவு சின்னதுக்கு ஒரே நாள்ல அவ்வளவும் புரிய வேணாம்னு நெனைச்சேன். அதான் சிரிச்சேன். என் கண்ணுல தண்ணி ஓடிட்டிருந்துச்சு. அந்தப் பேப்பர்காரன் பார்த்தான், அதை எழுதல."

மகரத்தின் பேனா 'யாரிடம்' என்ற கட்டத்தில் நின்றது. அங்கே 'நிருபர்களிடம்' என்று எழுதியிருந்தாள்.

"அதையும் மாத்திடு கண்ணு" என்றாள் அம்மா. "அவங்க கேட்டாங்க. நான் சொன்னது இவகிட்ட."

சுவரோரம் உட்கார்ந்திருந்தவள் எழுந்துவிட்டாள். நாற்பத்தாறு வருஷமாக அந்தச் சிரிப்பை அம்மாவுக்கு எதிராக வைத்திருந்தாள். அது தனக்காகச் சிரித்தது என்று ஒரு நாள்கூட அவள் நினைத்துப் பார்த்ததில்லை. அம்மா என்று கூப்பிட வாய் வந்தது. கூப்பிட்டால் சீட்டு செல்லாது. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். விதியில் ஒரு புள்ளி பிசகாத முற்றுப்புள்ளி, ஜன்னலுக்கு வெளியே எதையோ பார்க்க ஆரம்பித்தார்.

மகரம் 'நிருபர்களிடம்' என்பதை அடித்துவிட்டு 'மகளிடம்' என்று எழுதினாள். எள்ளல் என்று போட இருந்த கட்டத்தை வெறுமனே விட்டாள். அம்மா அவசரப்படாமல், எழுத்துக்கு எழுத்து பிரித்துக் கையெழுத்துப் போட்டு, பேனாவை மூடிக் கொடுத்தாள். பிறகு சீட்டை மகள் பக்கம் நகர்த்தினாள்.

"சரியா எழுதியிருக்காளான்னு நீ ஒரு தடவை பாரு."

பார்த்துச் சொல்ல அவளுக்கு அனுமதி இல்லை. அனுமதி இருந்திருந்தாலும் அந்த நேரத்தில் அவளால் ஓர் எழுத்தைக்கூடப் படித்திருக்க முடியாது.